காற்றைச் சோதிக்கும் கருவி: வரும் முன்னே இடத்தைத் தயார் செய்வது ஏன்?

இரவு பத்து மணிக்கு, வீட்டின் பின்புறக் கால்வாயிலிருந்து பெயிண்டு போன்ற ஒரு நெடி வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறீர்கள். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். விரல் நீளமுள்ள எஃகுக் குழாய் ஒன்றைச் சிறிய பம்புடன் இணைத்துக் காற்றை இழுக்கிறார்கள். பிறகு குழாயின் இரு முனைகளையும் இறுக மூடி எடுத்துச் செல்கிறார்கள். "முடிவு எப்போது தெரியும்?" என்று கேட்டால், "சில நாட்கள் ஆகும்" என்கிறார்கள்.

ஏன் சில நாட்கள்? அந்தக் குழாய் எங்கே போகிறது? அதற்குள் அப்படி என்ன இருக்கிறது? இந்தக் கையேடு அதை விளக்குகிறது. இத்தகைய கருவியைப் பாதுகாப்பாக நிறுவ ஓர் ஆய்வுக்கூடம் செய்யும் ஆயத்தங்களையும் சொல்கிறது. அந்த ஆயத்தங்களில் சில, உங்கள் சமையலறைக்கும் அப்படியே பொருந்தும்.

மூக்கு மட்டும் போதாதா?

நெடி வந்தால் முதலில் எச்சரிப்பது மூக்குதான். ஆனால் மூக்கை மட்டும் நம்பக் கூடாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வயது. அறுபதைத் தாண்டிய பலருக்கு மோப்ப சக்தி மெல்ல மெல்லக் குறைகிறது. கண் மங்கினால் நமக்கே தெரியும். மூக்கு மங்கினால் பெரும்பாலும் தெரிவதில்லை. "எனக்கு ஒன்றும் வாடை வரவில்லையே" என்று நீங்கள் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, பழக்கம். ஒரே நெடியில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். நெடி மறைந்தது போலத் தோன்றும், ஆனால் காற்றில் அது அப்படியே இருக்கும்.

மூன்றாவது, சில ஆவிகள் மூக்குக்குத் தெரியாத அளவிலேயே தீங்கு செய்யும். பெட்ரோலில் உள்ள பென்சீன் அப்படிப்பட்டது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதி செய்யப்பட்ட இரசாயனம். அதன் வாடை மூக்குக்கு எட்டும்போதே, நீண்ட காலம் சுவாசிக்கக் கூடாத அளவைக் காற்று தாண்டியிருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். புகைமூட்டக் காலத்தில் நாம் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யு. எண், நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அந்த எண் 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் பென்சீன் போன்ற ஆவிகளை அந்த எண் காட்டாது. எண் நல்லதாக இருக்கும் நாளிலும், ஒரு தெருவில் மட்டும் இரசாயன ஆவி பரவியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேறு கருவி தேவை.

இரண்டு நிகழ்வுகள்

2019 மார்ச்சில் ஜொகூர், பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளி மாணவர்கள் முதலில் பாதிக்கப்பட்டனர். சில நாட்களில் மீண்டும் பலர் மயங்கினர். மார்ச் 13-ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். காற்றில் கண்டறியப்பட்டவற்றில் பென்சீன், அக்ரோலீன், அக்ரிலோநைட்ரைல் ஆகியவை அடங்கும். மூக்கால் இந்தப் பெயர்களைச் சொல்ல முடியாது. பெயர் தெரிந்தால்தான், எதற்குச் சிகிச்சை தருகிறோம் என்பது மருத்துவருக்குத் தெளிவாகும். மக்கள் எப்போது வீடு திரும்பலாம் என்பதையும் அதன் பிறகுதான் முடிவு செய்யலாம்.

2020 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒன்று நடந்தது. ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த மாசினால் தண்ணீரில் நெடி ஏற்பட்டு, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங், கோம்பாக், கோலாலம்பூர் எனப் பல இடங்களில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளிகளோடு லாரிக்காகக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது தண்ணீரின் நெடியை அளந்தது பயிற்சி பெற்ற மனிதர்களின் மூக்குதான். அது ஒரு முறையான சோதனை. நெடி இருக்கிறதா, போய்விட்டதா என்று அது சொல்லும். ஆனால் அந்த நெடி எந்தப் பொருளிலிருந்து வந்தது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும்.

குழாய்க்குள் காற்று எப்படித் தங்குகிறது?

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாங்கிய மல்லிகையைக் கைக்குட்டையில் மடித்து வைத்துப் பாருங்கள். மறுநாள் பூவை எடுத்த பிறகும் துணியில் மணம் இருக்கும். நாட்கள் ஆக ஆக அது அடங்கிவிடும். ஆனால் அந்தத் துணியை இஸ்திரி போடும்போது மணம் மறுபடி எழும். துணி பிடித்து வைத்திருந்ததைச் சூடு விடுவிக்கிறது.

அதிகாரி கொண்டுவந்த எஃகுக் குழாயும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது சுமார் 9 சென்டிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. உள்ளே ஆவிகளைப் பிடித்துக்கொள்ளும் மணல் போன்ற பொடி நிரப்பப்பட்டிருக்கும். காற்று அதன் வழியே போகும்போது, இரசாயன ஆவிகள் பொடியில் ஒட்டிக்கொள்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழாயை ஒரு கருவிக்குள் வைத்து, 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஹீலியம் போன்ற தூய வாயுவை உள்ளே செலுத்துவார்கள். ஒட்டியிருந்த ஆவிகள் வெளியேறும். இதற்குத் தெர்மல் டிசார்ப்ஷன் என்று பெயர். வெப்பத்தால் விடுவித்தல் என்பது இதன் பொருள். வெளியேறிய ஆவி முதலில் உறைநிலைக்கும் கீழே குளிரூட்டப்பட்ட ஒரு சிறு பொறியில் சேரும். பிறகு அந்தப் பொறி நொடிகளில் சூடாக்கப்பட்டு, ஆவி முழுவதும் ஒரே வீச்சில் அடுத்த கருவிக்கு அனுப்பப்படும்.

அந்த அடுத்த கருவியின் பெயர் கேஸ் குரோமட்டோகிராபி. அதற்குள் மிக நீளமான, தலைமுடி போல மெல்லிய குழாய் ஒன்று சுருண்டிருக்கும். பத்துமலையின் 272 படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். இளைஞர்கள் முதலில் மேலே போய்விடுவார்கள். முட்டிவலி உள்ளவர்கள் நின்று நின்று கடைசியில் வருவார்கள். மேலே நின்று பார்ப்பவர், வந்து சேரும் நேரத்தை வைத்தே யார் எவர் என்று ஓரளவு ஊகிக்கலாம். அதுபோலக் கலந்து போன ஆவிகள் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் குழாயின் மறுமுனைக்கு வந்து சேர்கின்றன. அங்கே இருக்கும் இன்னொரு கருவி அவற்றின் அடையாளத்தையும் அளவையும் பதிவு செய்கிறது.

கருவி வருமுன் செய்ய வேண்டியவை

இவ்வளவு நுட்பமான கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து உடனே இயக்கிவிட முடியாது. அதிக வெப்பம், உயர் அழுத்த வாயு, மின்சாரம், நச்சு ஆவி ஆகிய நான்கும் ஒரே மேசையில் சேர்கின்றன. ஆகவே இடம் தயாரான பிறகே கருவி வர வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடும் பொறுப்பை முதலாளிகள் மீது வைக்கிறது.

1. மேசையும் இடமும். கேஸ் குரோமட்டோகிராபி கருவி மட்டுமே 50 கிலோ அளவு எடை இருக்கும். வெப்பத்தால் விடுவிக்கும் கருவி அதன் அருகிலேயே அமர வேண்டும். இரண்டையும் தாங்கும், ஆடாத மேசை தேவை. கருவியின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வெளியேறும். ஆகவே சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பின்னால் தாளோ துணியோ பிளாஸ்டிக் குழாயோ இருக்கக் கூடாது. தூக்கும்போது ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது.

2. மின்சாரம். நில இணைப்பு உள்ள தனித்தனி மின்முனைகள் வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் பல கருவிகளைச் செருகுவது கூடாது. கருவி சூடேறும்போது அதிக மின்சாரம் இழுக்கும், கம்பி அந்தச் சுமையைத் தாங்காது.

3. வாயுத் தோம்பு. நிரம்பிய ஹீலியம் தோம்பின் அழுத்தம், காரின் டயரில் உள்ளதைப் போல் சுமார் 60 மடங்கு அல்லது அதற்கும் மேல். அது சாய்ந்து விழுந்து வால்வு உடைந்தால், தோம்பு ஏவுகணை போலப் பாயும். அதனால் நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் சுவரோடு கட்டுவார்கள். உருட்டாமல் தள்ளுவண்டியில், மூடி போட்டுக் கொண்டுவருவார்கள். மின்தூக்கியில் ஏற்றினால், உள்ளே ஆட்கள் இல்லாமல் தோம்பை மட்டும் அனுப்புவார்கள்.

4. காற்றோட்டம். ஹீலியம் நஞ்சு அல்ல. ஆனால் மூடிய அறையில் கசிந்தால் பிராணவாயுவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றில் பிராணவாயு சுமார் 21 விழுக்காடு. அது 19.5 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் அபாயமாகக் கருதப்படும். ஹீலியத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் பயன்படுத்தினால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பிடிக்கும். கசிவைக் காட்டும் எச்சரிக்கை மணி அப்படிப்பட்ட அறையில் இருக்க வேண்டும்.

5. வெளியேறும் ஆவி. குழாயில் இருந்த ஆவி முழுவதும் அளவிடப்படுவதில்லை. ஒரு பகுதி வெளியே விடப்படுகிறது. அது வேலை செய்பவரின் முகத்தில் படாதபடி, கரி வடிகட்டி வழியாகவோ கட்டடத்துக்கு வெளியே செல்லும் குழாய் வழியாகவோ அனுப்பப்பட வேண்டும்.

6. குளிர்சாதனம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அறையின் வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆனால் குளிர்சாதனத்தின் காற்று கருவிமேல் நேராக வீசக் கூடாது. வீசினால் அளவுகள் தடுமாறும். கருவிக்குள் போகும் வாயுவும் ஈரம் இல்லாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த பொறியில் பனி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

7. கசிவுச் சோதனை. ஒவ்வோர் இணைப்பையும் மின்னணுக் கருவியால் சோதிப்பார்கள். சோப்பு நுரை தடவுவது இங்கே உதவாது. சோப்பு மெல்லக் குழாய்க்குள் இழுக்கப்பட்டு, அதுவே அளவுகளைக் கெடுத்துவிடும்.

8. வெற்றுச் சோதனை. கடைசியாக, எதையும் பிடிக்காத சுத்தமான குழாயைக் கருவியில் வைத்து இயக்குவார்கள். ஒன்றும் தெரியக் கூடாது. ஏதாவது தெரிந்தால், அது கருவியிலோ அறையிலோ உள்ள அழுக்கு. புதிய பெயிண்டு, தரை துடைக்கும் திரவம், வாசனைத் திரவியம், கையில் தடவிய தைலம் எதுவும் இப்படித் தெரியலாம். வெற்றுக் குழாய் சுத்தமாக வரும்வரை கருவியை மீண்டும் மீண்டும் சூடாக்கித் துப்புரவு செய்வார்கள். அதற்குப் பிறகு, அளவு தெரிந்த ஒரு மாதிரியை வைத்துக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள்.

நீங்கள் காத்திருக்கும் நாட்களில் ஒரு பகுதி இந்த வெற்றுச் சோதனைக்கும் ஒப்பீட்டுச் சோதனைக்கும் செல்கிறது. கருவி நிறுவப்பட்ட பிறகும் இவற்றைத் தொடர்ந்து செய்ய வேண்டும். அவசரத்தில் இவற்றை விட்டுவிட்டால், இல்லாத நஞ்சை இருப்பதாகவோ, இருக்கும் நஞ்சை இல்லையென்றோ சொல்ல நேரும். இரண்டுமே உங்களுக்குத் தீங்கு.

வீட்டில் மாதிரி எடுக்க வந்தால்

அதிகாரிகள் உங்கள் வீட்டுக்குள் காற்று மாதிரி எடுக்க விரும்பலாம். ஆபத்து இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகு, மாதிரி எடுத்து முடியும்வரை ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி ஆகியவற்றை ஏற்ற வேண்டாம். அவற்றின் புகையிலும் பென்சீன் உண்டு. எண்ணெயில் பொரிப்பதையும் தரை துடைப்பதையும் தள்ளிப் போடுங்கள். முன்னரே ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறித்துக்கொண்டால் முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம்.

மற்ற நாட்களில் சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இது மிக அவசியம்.

உங்கள் சமையலறைக்கும் இதே விதிகள்

ஆய்வுக்கூடத்தில் ஹீலியம் தோம்பு இருப்பது போல உங்கள் வீட்டில் சமையல் எரிவாயுத் தோம்பு இருக்கிறது. புதிய தோம்பு வரும் முன்னே இடத்தைத் தயார் செய்யுங்கள்.

தோம்பை எப்போதும் நிமிர்த்தி, சமமான தரையில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சாமி விளக்கு, அடுப்பு, மின்முனை ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். படுக்கையறையிலும் மூடிய அலமாரியிலும் வேண்டாம். இரப்பர்க் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ விறைத்துப் போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். தோம்பை மாற்றிய ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்பு நீர் தடவுங்கள். நுரை பொங்கினால் கசிவு இருக்கிறது. வீட்டில் இந்தச் சோதனை சரியானது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

ஹீலியம் மேலே எழும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, தாழ்வான இடத்திலும் கால்வாயிலும் தங்கும். அதற்கு இயல்பாக வாடை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றம் சேர்க்கப்படுகிறது. மோப்பம் குறைந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை எட்டாமல் போகலாம். ஆகவே தனியாக வசிப்பவர்கள், வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ, "ஏதாவது வாடை வருகிறதா பாருங்கள்" என்று அவ்வப்போது கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எரிவாயுக் கசிவை ஒலியெழுப்பிக் காட்டும் கருவியைப் பொருத்திக்கொள்வது இன்னும் நல்லது.

நெடி வந்தால் செய்ய வேண்டியவை

வீட்டுக்குள் எரிவாயு வாடை வந்தால்: தீயை அணையுங்கள். தோம்பின் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். வெளியே வந்த பிறகே 999-ஐ அழையுங்கள்.

வெளியிலிருந்து இரசாயன நெடி வந்தால்: ஜன்னலைச் சாத்தி, நெடி வரும் திசையிலிருந்து விலகி இருங்கள். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போக வேண்டாம். முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், வாந்தி, கண் எரிச்சல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். அதிகாரிகள் இடம்விட்டுச் செல்லச் சொன்னால் தாமதிக்காதீர்கள். அன்றாடம் சாப்பிடும் மருந்துகளையும் மருத்துவ அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் துறையிடம் புகார் செய்ய 1-800-88-2727 என்ற எண் உள்ளது.

பிறகு ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: நெடி வந்த நாளும் நேரமும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதைப் போல இருந்தது, வீட்டில் யாருக்கு என்ன செய்தது. எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள், மாதிரி எடுக்க வரும் அதிகாரியிடமும் காட்டுங்கள். எங்கே, எப்போது குழாயைத் திறப்பது என்பதை முடிவு செய்ய உங்கள் குறிப்பு அவர்களுக்கு உதவும்.

முடிவு வந்தபின் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன கண்டறியப்பட்டது, அளவு எவ்வளவு, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.